ரிப்ளை என்று தொடங்கிய நான்கு வரிகள்

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு மலர் போடுகிறார்களாம். "ஏழுமலைண்ணே, நாங்கல்லாம் இப்ப உக்காந்த எடத்துலேர்ந்தே கஸ்டமர் ஸ்க்ரீனைப் புடிச்சி முடிச்சிடறோம். நீங்க பஸ் புடிச்சி போயி பாத்த ஆளு. உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார்கள். வெற்றியைக் கேட்கிறார்கள் என்று புரிந்தது. யோசித்துப் பார்த்தேன். சரியாகப் போன வேலை ஒன்றும் மனதில் நிற்கவில்லை. சரியாகப் போன வேலையை யார் நினைவு வைத்துக்கொள்கிறார்கள், செய்தவன் உட்பட? என்னிடம் நிற்பது ஒன்றுதான். அதைத்தான் எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். நின்றேன் என்பதைவிட, இங்கிலீஷ் பரீட்சை என்னை நிறுத்தியது என்பதே சரி. பிறகு ரேடியோ, டிவி, மிக்ஸி என்று முப்பது வருஷம் ஓடியது. 2006இல் டிவி ரிப்பேருக்கு ஆள் வருவது குறைந்துபோனபோது, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு. கடையின் சர்வீஸ் பொறுப்பாளர் மோகன் சாருக்கு இருபத்தெட்டு. டிப்ளமோ படித்தவர். அவர் என்னைப் 'பெருசு' என்பார். நான் அவரை 'சார்' என்பேன். இந்த ஏற்பாட்டில் எங்கள் இருவருக்குமே கூச்சம் இருந்ததாக நினைவில்லை.

ரேம் பலகையை எடுத்து அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகுவது, ஃபேனில் அடைந்த தூசியை ஊதுவது, விண்டோஸ் போடுவது எல்லாம் ஆறு மாதத்தில் வந்துவிட்டன. திரையில் வரும் இங்கிலீஷ்தான் பயம். எழுத்துக்கூட்டி வாசிக்க முடியும். ஆனால் பக்கத்தில் வாடிக்கையாளர் நின்றுகொண்டிருக்கும்போது எழுத்துக்கூட்ட முடியாது. அதனால் ஒவ்வொரு செய்தியையும் முகம் பார்த்து அடையாளம் வைப்பதுபோல் வைத்திருந்தேன். நீளமாக வந்தால் இது, முதல் எழுத்து 'ஆர்' என்றால் அது என்று. இரும்புக்கடையில் இலவசமாகக் கொடுத்த நோட்டு ஒன்றில் படம் வரைவதுபோல் அவற்றை வரைந்தும் வைத்திருந்தேன்.

மோகன் சார் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். சக்கர நாற்காலி. ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குக் காலால் உந்திக்கொண்டே போவார். போன் எப்போதும் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும். வெளியில் போயிருக்கும் ஆள் போன் செய்தால், என்ன கோளாறு என்று சொல்லி முடிக்க விடமாட்டார். நடுவிலேயே வெட்டி ஒரு கேள்வி கேட்பார். பதில் 'ஆமா' அல்லது 'இல்ல' என்று வர வேண்டும். அதற்குமேல் ஒரு சொல் வந்தால், "கதை சொல்லாத" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். ஈ ஓட்டுவதுபோல் சொல்வார்.

ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போக முடியவில்லை என்றால் என்ன செய்வது என்று அவர்தான் கற்றுக்கொடுத்தார். கறுப்பு ஜன்னலைத் திறந்து 'பிங்' என்று அடித்து, எதிர்ப்பெட்டியின் நம்பரைப் போட வேண்டும். நாலு வரி வரும். "ரிப்ளைன்னு ஆரம்பிச்சா எதுத்தாப்ல இருக்கறவன் உசிரோட கீறான். ரிக்வெஸ்ட்னு ஆரம்பிச்சா அவன் பேசல. அவ்ளோதான் பெருசு. ரிப்ளை வந்தா வயர் பக்கம் போகாத. வரலைன்னா வயரை விட்டு வராத."

மந்திரம் மாதிரி இருந்தது. ஐந்து வருஷம் அது ஒரு தடவைகூடத் தவறவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் உதிரிபாகம் செய்யும் பட்டறைகள், ஒரகடத்தில் லாரி செட்டுகள், கம்பெனி ஹாஸ்டல் அலுவலகங்கள் என்று எங்கே போனாலும் நாலு வரியைப் பார்ப்பேன். முதல் சொல்லைப் பார்ப்பேன். மீதியைப் படிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் பயந்த சுபாவம். வேலை முடித்து பஸ் ஏறிய பிறகு, யுபிஎஸ் சுவிட்சைப் போட்டோமா என்று சந்தேகம் வந்து, பாதியில் இறங்கித் திரும்பிப் போயிருக்கிறேன். ஒரு தடவை அல்ல. யாருடைய ஹார்ட் டிஸ்க்கைத் தொடுவதானாலும், உள்ளே இருப்பதை முதலில் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து வைத்துக்கொள்வேன். அதற்கென்றே ஒரு காலி டிஸ்க்கைப் பழைய துண்டில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். நகலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். கடையில் இது பெரிய வேடிக்கை. "பெருசு மூக்கு சிந்தறதுக்கு முன்னாடிகூட மூக்கை பேக்கப் எடுக்கும்" என்று மோகன் சார் சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய?

இனி ஞானராஜ்.

தூத்துக்குடிப் பக்கத்து ஆள். ஒரு கார் பாக கம்பெனியில் வேலைக்கு வந்தவர், சில வருஷத்தில் அதை விட்டுவிட்டு வீட்டிலேயே படம் வரைய ஆரம்பித்தார். படம் என்றால், வெல்டிங் அடிக்கும்போது தகடு அசையாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சட்டங்கள் உண்டு, ஃபிக்சர் என்பார்கள். அவற்றைக் கம்ப்யூட்டரில் அளவு பிசகாமல் வரைந்து பட்டறைகளுக்குக் கொடுப்பார். ஒரு சட்டத்தில் சின்ன மாற்றம் வேண்டுமென்றால் பட்டறைக்காரர்கள் அவரிடம்தான் வர வேண்டும், ஏனென்றால் பழைய படம் அவரிடம்தான் இருந்தது. அதுதான் அவர் பிழைப்பின் அச்சாணி. மனைவி மெர்சி உள்ளூர்ப் பெண், ப்ளஸ் டூ படித்தவர். பிள்ளைப்பாக்கம் போகும் வழியில் புதுசாக முளைத்த வீட்டு மனைகளில் ஒன்றில் குடியிருந்தார்கள்.

படங்கள் எல்லாம் அவர் வேலை செய்யும் கம்ப்யூட்டரில் இல்லை. உள்ளறையில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு பழைய பெட்டி, திரை இல்லாமல், இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. மெர்சியின் அண்ணன் கப்பல் வேலைக்குப் போகுமுன் வைத்துக்கொடுத்தது. முன்னறைக் கம்ப்யூட்டரிலிருந்து, நடுவில் ஒரு இன்டர்நெட் மோடம் வழியாக, வயர் அதற்குப் போகும். ஆறு வருஷப் படங்களும் அதில்தான். "கம்ப்யூட்டர் மாறும், இது மாறாது, இதுதான் உங்க பீரோ" என்று மைத்துனன் சொல்லியிருந்தானாம். பீரோவுக்கு இன்னொரு பீரோ வேண்டும் என்று அவன் சொல்லவில்லை.

2011ஆம் வருஷம் டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு வீட்டை ஒழித்துப் பெருக்கி, கையோடு ஒரு புதுக் கம்ப்யூட்டரும் எங்கள் கடையில் வாங்கியிருந்தார்கள். அதில் விண்டோஸ் செவன். எங்கள் பகுதியில் அதுவரை எல்லாமே பழைய விண்டோஸ் எக்ஸ்பி. இரண்டு நாள் கழித்து, புதுக் கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்குப் போக முடியவில்லை என்று போன் வந்தது. என்னை அனுப்பினார்கள்.

பதினொரு மணிக்குப் போனேன். ஞானராஜ் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க அண்ணாச்சி. நாளைக்குக் காலைல ஒரு பட்டறைக்குப் பழைய படம் நாலு திருத்திக் குடுக்கணும். உள்ள போகவே விடமாட்டேங்குது. படம்லாம் இருக்கும்லா?"

"இருக்கும் தம்பி. பாத்துடலாம்" என்றேன்.

பெட்டியின்மேல் மைத்துனன் ஒரு காகிதத்தில் அதன் நம்பரை எழுதி ஒட்டியிருந்தான். கடைசியில் பத்து என்று முடியும். முன்னறைக்கு வந்து கறுப்பு ஜன்னலைத் திறந்தேன். 'பிங்' அடித்து நம்பரைப் போட்டேன். நாலு வரி வந்தது.

நான்கும் 'ரிப்ளை' என்று ஆரம்பித்தன.

வரிகள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தன. முகம் கொஞ்சம் மாறியிருந்தது. புது விண்டோஸ், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கீழே 'லாஸ்', அதாவது தொலைந்தது எத்தனை என்ற இடத்தில் பூஜ்யம். ரிப்ளை வந்தால் வயர் பக்கம் போகாதே. நான் போகவில்லை.

அப்படியானால் பெட்டி உயிரோடிருக்கிறது, உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது. முன்னறைத் திரையையும் கீபோர்டையும் கழற்றிக்கொண்டுபோய்ப் பெட்டியில் மாட்டினேன். கறுப்பு. மேலே வெள்ளை எழுத்தில் இரண்டு வரி, அதன் முடிவில் ஒரு கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. என் நோட்டில் இந்த முகம் இல்லை. ஞானராஜ் மைத்துனனுக்கு இரண்டு தடவை போன் போட்டுப் பார்த்தார். கப்பல் எந்தக் கடலில் இருந்ததோ, போகவில்லை.

மோகன் சாரைக் கூப்பிட்டேன்.

"ரிப்ளை வருதா?"

"வருது சார். ஆனா பெட்டில ஸ்க்ரீன் கறுப்பா..."

"கதை சொல்லாத. கலர்ல எதுனா வருதா?"

"இல்ல சார்."

"அப்ப விண்டோஸ் பூட்ச்சி. எக்ஸ்பியைப் போட்டு எழுப்பு. டேட்டா டி டிரைவ்ல இருக்கும், அது எங்கயும் போவாது. ஒரகடத்துல டெஸ்பாட்ச் பிரிண்டர் நின்னுகினு கீது, லாரி வெயிட்டிங். நாலு மணிக்குள்ள நீ இங்க வரணும்."

விண்டோஸ் போனால் சி டிரைவ் மட்டும்தான் போகும், டி-யில் இருப்பது பத்திரம். எங்கள் தொழிலில் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கும் ஆறுதல் அது. ஞானராஜிடமும் சொன்னேன். அவர் சுவரில் இருந்த பைபிள் வசன காலண்டரை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி அண்ணாச்சி, நீங்க சொன்னாச் சரி" என்றார்.

சிடியைப் போட்டேன். நீலத் திரை வந்தது. டிஸ்கில் என்ன இருக்கிறது என்று அது பட்டியல் காட்ட வேண்டும். சி என்று ஒன்று, டி என்று ஒன்று. சியும் இல்லை, டியும் இல்லை. ஒரே வரி. 'அன்நோன்' என்று இருந்தது. இந்தச் சொல் எனக்குத் தெரியும். தெரியாதது என்று அர்த்தம்.

மறுபடி போன்.

"சார், டி டிரைவே இல்ல. அன்நோன்னு ஒண்ணுதான் காட்டுது. பெரிய சைஸா கீது சார். இவ்ளோ பெரிசு காலியா இருக்குமா?"

"அன்நோன்னா அதுல ஒண்ணுமில்லன்னு அர்த்தம். டேட்டா கரப்ட் ஆயி ஏற்கெனவே போயிருக்கும். அதை டெலிட் பண்ணிட்டுப் போடு."

"தெரியலன்னுதானே சார் சொல்லுது. இல்லைன்னு சொல்லலியே?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "இன்னா பெருசு, இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கறியா எனக்கு?"

வைத்துவிட்டார்.

பையிலிருந்து காலி டிஸ்க்கை எடுத்தேன். துண்டைப் பிரித்தேன். ஞானராஜின் டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, என் டிஸ்கில் விண்டோஸைப் போட்டால் போதும். முக்கால் மணி நேரத்தில் கோளாறு டிஸ்கிலா வேறெங்காவதா என்று தெரிந்துவிடும், அவருடையது அப்படியே இருக்கும். ஸ்க்ரூ டிரைவரும் கையில் இருந்தது. மூன்றாவது முறையாக சாரைக் கூப்பிட்டு அனுமதி கேட்டேன்.

"சார், என் டிஸ்க்ல போட்டுப் பாக்கட்டா?"

"யோவ், கல்யாணத்துக்கு வந்தியா, வேலைக்கு வந்தியா? இந்த பயந்தாங்கொள்ளி வேலையெல்லாம் இன்னியோட நிறுத்து. ஸ்பீக்கர்ல போட்டுகீறேன், எல்லாரும் கேட்டுகினு கீறாங்க, தெரியுமா?"

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ 'மூக்கு பேக்கப்' என்றார்கள்.

டிஸ்க்கைத் திரும்பத் துண்டில் சுற்றினேன். பையில் வைத்தேன். ஜிப்பை இழுத்தேன். வாழ்நாள் முழுக்கப் பயந்தவன், ஒரே ஒரு நாள் பயப்படாதவன்போல் நடந்துகொள்ள முடிவு செய்தேன். அந்த நாள்தான் பயந்திருக்க வேண்டிய நாள்.

அந்த நீலத் திரையில் ஒன்றை அழிக்க மூன்று விசைகள். டி, என்டர், எல். ஒரே தட்டில் தவறி அழிந்துவிடக் கூடாது என்று யாரோ என்னைப்போல் பயந்தவன் மூன்றாக வைத்திருக்கிறான். மூன்றையும் அழுத்தினேன்.

'இன்னும் 39 நிமிடம்' என்று திரை காட்ட ஆரம்பித்தது. ஞானராஜ் அளவெடுக்க ஒரு பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது, கிளம்பிவிட்டார். மெர்சி டீ கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்கவில்லை, ஆடை படிந்தது.

எக்ஸ்பி வந்தது. பச்சை மலையும் நீல வானமும். காகிதத்தில் இருந்த பழைய நம்பரையே பெட்டிக்குக் கொடுத்தேன். கொடுத்ததும் திரையின் வலதுபக்கக் கீழ் மூலையில் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர் படம் தெரிந்தது. அதன்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. இந்த முகம் என் நோட்டில் உண்டு. முதல் பக்கத்திலேயே உண்டு.

வயர் மாட்டவில்லை.

டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுத் தடவினேன். வயரின் முனை பெட்டியின் ஓட்டையில்தான் இருந்தது, ஆனால் முழுசாக இல்லை. பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தது. பெருக்கும்போது பெட்டியை நகர்த்தியதில் ஒரு நூல் அளவு வெளியே வந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். 'டிக்' என்றது. பின்னால் பச்சை விளக்கு எரிந்தது.

இன்னமும் நம்பிக்கையில்லாமல் திரையையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்ப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். காலையில் திறந்த கறுப்பு ஜன்னல் அப்படியே இருந்தது. அதிலேயே மறுபடி 'பிங்' அடித்தேன். நாலு வரி. மேலே காலை வரிகள், கீழே இப்போதைய வரிகள். இரண்டும் 'ரிப்ளை' என்றே ஆரம்பித்தன. ஆனால் கீழே இருப்பவைதான் எனக்குத் தெரிந்த பழைய முகம். அப்படியானால் மேலே இருப்பவை யார்?

அன்றுதான் ஒரு வரியை முழுசாக எழுத்துக்கூட்டினேன். ரிப்ளை ஃப்ரம். அதற்குப் பிறகு ஒரு நம்பர். பெட்டியின் நம்பர் பத்தில் முடிய வேண்டும். இது ஐந்தில் முடிந்தது. ஐந்து என்பது நான் உட்கார்ந்திருந்த புதுக் கம்ப்யூட்டருடைய நம்பர். தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்கப்புறம் வந்த மூன்று சொற்களில் கடைசிச் சொல் பிடிபடவில்லை. நோட்டில் எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டு மெர்சியிடம் நீட்டினேன்.

"இது இன்னாம்மா?"

"அன்ரீச்சபிள்." வாசித்துவிட்டுச் சிரித்தார். "போய்ச் சேர முடியலன்னு அர்த்தம்ணே. ஏண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா கேட்டேன்."

"ரெடியாயிடுச்சாண்ணே? அவரு போன் பண்ணிகினே கீறாரு."

"பாத்துகினு இருக்கேம்மா" என்றேன்.

எக்ஸ்பியில் பெட்டி பேசாவிட்டால் 'ரிக்வெஸ்ட்' என்று வரும். செவனில் அதற்கும் 'ரிப்ளை' என்றே ஆரம்பித்து, பிறகு போய்ச் சேர முடியவில்லை என்கிறது. விண்டோஸ் மாறிவிட்டது, எங்கள் மந்திரம் மாறவில்லை. இங்கிலீஷ் தெரியாத நான் முதல் சொல்லோடு நின்றேன். இங்கிலீஷ் தெரிந்தவர் என்னிடம் முதல் சொல்லை மட்டுமே கேட்டார். அந்தக் கறுப்புத் திரையும் கெட்டுப்போனதல்ல. மறு வருஷம் ஒரு பட்டறையில் அதே முகத்தைப் பார்த்தேன். அது லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற வேறொன்று. ஆரோக்கியமாக இருக்கும்போது அது அப்படித்தான் இருக்கும். விண்டோஸ் சிடிக்கு அதை அடையாளம் தெரியாது, அதனால்தான் தெரியாது என்று ஒப்புக்கொண்டது. அன்றைக்கு அங்கே இருந்ததிலேயே உண்மை பேசியது அது ஒன்றுதான்.

கடைக்குப் போய் மோகன் சாரிடம் தனியாகச் சொன்னேன். நாற்காலி முதல் தடவையாக நகராமல் நின்றது. நோட்டை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வயர் மேட்டரை யாருகிட்டயும் சொல்லாத பெருசு. டிஸ்க் அடி வாங்கிச்சுன்னு சொல்லிடறேன். உனக்காகத்தான் சொல்றேன்."

மறுநாள் ஞானராஜ் கடைக்கு வந்தார். என் எதிரிலேயே மோகன் சார் சொன்னார், "டிஸ்க் ஏற்கெனவே சாகற ஸ்டேஜ்ல இருந்திச்சி சார். எங்காளு ஒன்பதாங்கிளாஸ், கொஞ்சம் முன்னாடியே என்னைக் கேட்டிருந்தா எதுனா பண்ணியிருப்பேன்." மூன்று தடவை கேட்டவன் நான், பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஏதோ ஸ்க்ரூவை வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். தப்பான நாளில் விட்டுவிட்ட பயம், மறுநாள் தவறாமல் வந்து உட்கார்ந்துகொண்டது.

டிஸ்க்கைச் சென்னைக்குக் கொண்டுபோய்த் தோண்டிப் பார்த்தார்கள். கிடைத்தவை பெயரில்லாத கோப்புகள். பாதி திறக்கவில்லை, திறந்தவற்றில் எது எந்தச் சட்டத்தின் படம் என்று வரைந்தவருக்கே தெரியவில்லை. ஞானராஜ் பட்டறைகளுக்குப் போய், ஓடிக்கொண்டிருக்கும் சட்டங்களை டேப்பால் அளந்து திரும்ப வரைய முயன்றார் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மெஷினை நிறுத்த வேண்டும். யார் நிறுத்துவார்கள்? வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

2014இல் ஒரு மதியம், ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். இரண்டாம் ஷிஃப்டுக்குப் போகிற கூட்டம் கம்பெனி பஸ்ஸுக்காக வரிசையாக நின்றிருந்தது. எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். நடுவில் சாம்பல் நிறச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக ஒரு நரைத்த தலை. "அண்ணாச்சி!" என்று அவர்தான் கூப்பிட்டார்.

"தம்பி... இங்கயா?"

"லைன்லதான் நிக்கேன். காண்ட்ராக்ட். ஃபிக்சர்ல தகடை மாட்டிக் குடுக்கிற வேலை." சிரித்தார். "நான் வரைஞ்ச சட்டம் மாதிரியே ஒண்ணு அங்க கெடக்கு. என்னோடதானான்னு தெரியல. பேரு போடலல்லா."

அவரே தொடர்ந்தார். "நீங்க மனசு சங்கடப்படாதீங்க. சாகப்போற டிஸ்க்கை யாரு காப்பாத்த முடியும்? அன்னைக்கு நீங்க மூணு தடவை போன் போட்டதை நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். எனக்காக அன்னைக்குப் பயந்த ஒரே ஆளு நீங்கதான். மெர்சிகூட ஜெபத்துல உங்க பேரைச் சொல்லுவா."

"தம்பி, அந்த வயரு..." என்றேன்.

"எந்த வயரு?"

பஸ் வந்துவிட்டது. பையன்கள் முண்டியடித்தார்கள். அவர் என் கையை ஒருமுறை பிடித்து விட்டுவிட்டு ஏறிக்கொண்டார். ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை, நின்றுகொண்டே போனார். கத்தியிருந்தால் கேட்டிருக்கும். நான் கத்தவில்லை.

அடுத்த வருஷம் வேலையை விட்டேன். கண் பார்வை என்று கடையில் சொன்னேன். மோகன் சார் எனக்குச் சால்வை போட்டு, "பெருசு மாதிரி ஜாக்கிரதையான ஆளைப் பாக்க முடியாது" என்று பேசினார். இப்போது அவர் இந்தச் சங்கத்தின் நிர்வாகிகளில் ஒருவர். மலரின் முன்பக்கத்தில் அவர் படம் இருக்கும் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன். பக்கம் போதாது என்று எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும். இனி வருவதை மட்டும் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஞானராஜ் தம்பி, உங்கள் டிஸ்க் சாகவில்லை. நான் வந்து தொடும்வரை உங்கள் படம் ஒவ்வொன்றும் அதனதன் பெயரோடு அதில் இருந்தது. வயர் ஒரு நூல் அளவு வெளியே வந்திருந்தது, அவ்வளவுதான். மெர்சியிடம் சொல்லி, ஜெபத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.